முகவரா, விநியோகஸ்தரா? மூன்று வழக்குகள் வழியே ஒரு நிகழ்வு ஆய்வு

வெளிநாட்டுச் சந்தை ஒன்றில் காலடி வைக்கும் ஏற்றுமதியாளர் அங்கே ஓர் ஆளைப் பிடிக்கிறார். அந்த ஆள் வாடிக்கையாளர்களைத் தேடுகிறார், கண்காட்சிகளில் நிற்கிறார், விலை பேசுகிறார், சரக்கு வந்து சேர்ந்ததா என்று பார்க்கிறார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அவர் முகவரா (ஏற்றுமதியாளருக்காகப் பேசிக் கமிஷன் வாங்குபவர்), விநியோகஸ்தரா (சொந்தப் பணத்தில் சரக்கை வாங்கி விற்பவர்) என்று தெரியாது. பல நேரங்களில் ஒப்பந்தம் எழுதியவர்களுக்கே தெரிவதில்லை. வியாபாரம் ஓடும்வரை இது யாரையும் உறுத்தாது. ஒப்பந்தத்தை முறிக்கும் கடிதம் போன மறுநாள்தான் எல்லாம் இந்த ஒரு கேள்வியில் வந்து நிற்கும். நீதிமன்றம்வரை போன மூன்று உறவுகளை எடுத்துக்கொண்டு, வேறுபாடு எங்கே இருக்கிறது, எந்த இடத்தில் பணமாக மாறுகிறது என்று பார்க்கலாம்.

முதல் வழக்கு: இங்மார்

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஈட்டன் லெனார்ட் டெக்னாலஜீஸ், 1989இல் இங்மார் ஜிபி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தைத் தன் முகவராக அமர்த்தியது. கலிஃபோர்னியாச் சட்டமே பொருந்தும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். 1996இல் உறவு முறிந்தது. பாக்கிக் கமிஷனோடு, முகவர் என்ற முறையில் தனக்குச் சேரவேண்டிய இழப்பீட்டையும் கேட்டு இங்மார் லண்டனில் வழக்குப் போட்டது. கலிஃபோர்னியாச் சட்டம் என்று எழுதியிருப்பதால் ஐரோப்பிய முகவர் விதிகள் பொருந்தா என்று உயர் நீதிமன்றம் 1997இல் சொன்னது. பிரிட்டன் அப்போது ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்ததால், மேல்முறையீட்டு நீதிமன்றம் கேள்வியை ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2000 நவம்பர் 9 அன்று வந்த தீர்ப்பு (வழக்கு எண் சி-381/98) நேர்மாறானது: முகவர் ஓர் உறுப்பு நாட்டில் தொழில் நடத்தியிருந்தால், ஏற்றுமதியாளர் எந்த நாட்டவராக இருந்தாலும், எந்தச் சட்டத்தைத் தேர்ந்தெடுத்திருந்தாலும், ஒப்பந்த முடிவில் முகவருக்குக் கிடைக்கவேண்டிய தொகையைத் தடுக்க முடியாது.

1986 டிசம்பர் 18ஆம் தேதியிட்ட 86/653/ஈஈசி என்ற ஐரோப்பிய வழிகாட்டு ஆணைதான் இதற்கு அடிப்படை. அதன் 17, 18ஆம் பிரிவுகள் முடிவுக்காலத் தொகையைப் பற்றியவை. ஒப்பந்தம் முடிவதற்கு முன்னால் இந்த உரிமையை முகவருக்குப் பாதகமாக விட்டுக்கொடுக்க வைக்க முடியாது என்கிறது 19ஆம் பிரிவு. கையெழுத்துப் போட்ட நாளிலேயே “முடிவில் எதுவும் கேட்கமாட்டேன்” என்று எழுதி வாங்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அந்த வரிக்கு அங்கே மதிப்பில்லை.

இரண்டாவது வழக்கு: கோர்மன்-கொலின்ஸ்

பெல்ஜியத்தின் கோர்மன்-கொலின்ஸ், பிரான்சின் லா மேசோன் டு விஸ்கி நிறுவனத்திடமிருந்து சுமார் 10 ஆண்டுகள் பல பிராண்டு விஸ்கிகளை வாங்கி பெல்ஜியத்தில் விற்றுவந்தது. சரக்கைப் பிரான்சிலுள்ள கிடங்குகளில் கையேற்று, தன் சொந்தச் சரக்காகவே விற்றது. தன்னை “மேசோன் டு விஸ்கி பெல்ஜிக்” என்று அழைத்துக்கொண்டது, அதற்கென ஓர் இணையதளமும் நடத்தியது. பிரெஞ்சு நிறுவனம் இதையெல்லாம் அறிந்தே பேசாமல் இருந்தது. 2010 டிசம்பரில் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று தடுத்து, இணையதளத்தையும் மூடியது. 2011 பிப்ரவரியில், இரண்டு பிராண்டுகளின் விநியோக உரிமை அந்த ஆண்டு ஏப்ரல் 1, செப்டம்பர் 1 முதல் வேறொரு நிறுவனத்துக்குப் போகிறது என்று அறிவித்தது.

கோர்மன்-கொலின்ஸ் பெல்ஜியத்தின் 1961 ஜூலை 27ஆம் தேதிச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டது. விநியோகஸ்தருக்குத் தனிப் பாதுகாப்புத் தரும் சட்டங்களில் இது ஒன்று. காலவரையற்ற தனியுரிமை விநியோகத்தை முறிக்க நியாயமான முன்னறிவிப்புக் கொடு, அல்லது அதற்கு ஈடான தொகையைக் கொடு என்பது அதன் சாரம். ஆனால் வழக்கை எந்த நாட்டில் நடத்துவது? இது வெறும் சரக்கு விற்பனை என்றால், சரக்கு கைமாறிய இடம் பிரான்ஸ். சேவை என்றால், சேவை நடந்த இடம் பெல்ஜியம். 2013 டிசம்பர் 19 தீர்ப்பில் (சி-9/12) ஐரோப்பிய நீதிமன்றம், விநியோகத்துக்கென்றே தனி நிபந்தனைகள் கொண்ட உறவாக இருந்தால் அது சேவை ஒப்பந்தம் என்றது. பத்தாண்டுகள் ஒருவர் ஒரு பிராண்டை ஒரு சந்தையில் வளர்த்தெடுப்பது வெறும் கொள்முதல் ஆகாது என்பது நியாயமான பார்வை என்றே நாங்கள் கருதுகிறோம். தேவைப்படும்போது ஆர்டர் போட்டு வாங்குபவருக்கும் அவருக்கும் இடையே வேறுபாடு உண்டு.

மூன்றாவது வழக்கு: அக்ரோ

பெல்ஜியத்தின் பீட்டர்சைம், முட்டை பொரிக்கும் இயந்திரங்கள் செய்யும் நிறுவனம். 1992 ஜூலை 1 அன்று துருக்கியின் அக்ரோ நிறுவனத்துக்குத் துருக்கியில் தன் பொருள்களை விற்கும் தனியுரிமையைக் கொடுத்தது. ஆண்டுதோறும் தானாகப் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம், பெல்ஜியச் சட்டம் பொருந்தும் என்ற நிபந்தனை. 2013 மார்ச்சில் கடிதம் அனுப்பி, ஜூன் இறுதியோடு முடித்துக்கொண்டது. அக்ரோ வழக்குப் போட்டு, முகவருக்கான முடிவுக்காலத் தொகையைக் கேட்டது. கையிலிருக்கும் சரக்கைத் திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டும் என்றும் கேட்டது. 2017 பிப்ரவரி 16 தீர்ப்பு (சி-507/15): முகவர் ஒன்றியத்துக்கு வெளியே தொழில் நடத்தினால், ஏற்றுமதியாளர் ஒன்றியத்துக்குள் இருந்தாலும், ஏற்றுமதியாளரின் நாட்டுச் சட்டம் முகவருக்கு இந்தப் பாதுகாப்பை மறுக்கலாம்.

இங்மாரையும் அக்ரோவையும் சேர்த்துப் படிக்கவேண்டும். ஏற்றுமதியாளர் எங்கிருக்கிறார் என்பதை விட முகவர் எங்கே உழைக்கிறார் என்பதே பாதுகாப்பைத் தீர்மானிக்கிறது. அக்ரோ கேட்ட இரண்டு கோரிக்கைகளையும் கவனியுங்கள். முடிவுக்காலத் தொகை முகவர் கேட்பது. சரக்கைத் திருப்பி எடு என்பது சொந்தமாக வாங்கி வைத்தவர் கேட்பது. 20 ஆண்டு உறவில் இரண்டும் கலந்துபோவது சாதாரணம். கலப்பைப் பற்றிப் பின்னால் பார்ப்போம்.

யாருடைய இன்வாய்ஸ்?

ஒப்பந்தத்தின் தலைப்பை ஒதுக்கிவைத்துவிட்டுக் கடைசி வாடிக்கையாளர் கையிலிருக்கும் இன்வாய்ஸை எடுத்துப் பாருங்கள். அதில் ஏற்றுமதியாளரின் பெயர் இருந்தால் நடுவில் இருப்பவர் பெரும்பாலும் முகவர். நடுவில் இருப்பவரின் பெயரே இருந்தால் அவர் விநியோகஸ்தர். மற்ற வேறுபாடுகள் எல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதாம்.

முகவர் சரக்கை வாங்குவதில்லை. ஏற்றுமதியாளருக்காகப் பேரம் பேசுகிறார், அல்லது அவர் பெயரில் பேசி முடிக்கிறார், கமிஷன் வாங்குகிறார். விலையை மாற்றும் அதிகாரம் இல்லாவிட்டால் அவர் முகவரே இல்லை என்று பிரான்சில் ஏற்றுமதியாளர்கள் வாதாடி வந்தார்கள். 2020 ஜூன் 4 அன்று வந்த ட்ரெண்ட்செட்டூஸ் தீர்ப்பு (சி-828/18) அந்த வாசலை மூடியது. நிர்ணயித்த விலையை ஒரு பைசா மாற்ற முடியாதவரும், வாடிக்கையாளரைக் கொண்டுவந்து பேசி முடிப்பவராக இருந்தால், முகவர்தான்.

விநியோகஸ்தர் தன் பணத்தில் வாங்குகிறார், தன் பெயரில் விற்கிறார், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள இடைவெளியில் வாழ்கிறார். சரக்கு தேங்கினாலும் அவருடையது, வாடிக்கையாளர் ஏமாற்றினாலும் அவருடையது. ஏற்றுமதியாளரும் அவரும் வெவ்வேறு நாடுகளில் தொழில் நடத்துபவர்களாகவும், அந்த நாடுகள் 1980ஆம் ஆண்டு வியன்னா விற்பனை உடன்படிக்கையில் சேர்ந்தவையாகவும் இருந்தால், விலக்கி எழுதாதவரை, ஏற்றுமதியாளர் அவருக்கு அனுப்பும் ஒவ்வொரு சரக்குக்கும் அந்த உடன்படிக்கை பொருந்தும். குறையுள்ள சரக்குக்கான புகார் அவரிடமிருந்து வரும். முகவர் விஷயத்தில் அந்தப் புகார் கடைசி வாடிக்கையாளரிடமிருந்து நேராக ஏற்றுமதியாளரின் மேசைக்கு வரும்.

ஒரே இயந்திரம், இரண்டு கணக்கு

இதை எண்ணில் வைத்துப் பார்ப்பதே தெளிவு. பின்வருவது கணக்கு விளங்குவதற்காக எடுத்துக்கொண்ட எண்கள். ஆலை வாசலில் 40,000 யூரோ விலையுள்ள இயந்திரம், 4 சதவீதச் சுங்கத் தீர்வை, கப்பல் கட்டணமும் காப்பீடும் சேர்ந்து 1,800 யூரோ.

முகவர் வழியில்: வாடிக்கையாளர் நேரடியாக ஏற்றுமதியாளருக்கு 40,000 கட்டுகிறார், கப்பல் செலவும் தீர்வையும் வாடிக்கையாளர் பொறுப்பு. முகவருக்கு 8 சதவீதக் கமிஷன், 3,200 யூரோ. அவர் போட்ட முதல் என்று பார்த்தால் போக்குவரத்தும் நேரமும்தான்.

விநியோகஸ்தர் வழியில்: 25 சதவீதத் தள்ளுபடியில் 30,000க்கு வாங்குகிறார். கப்பலும் காப்பீடும் சேர்த்து 31,800. அதன்மேல் தீர்வை 1,272, ஆக 33,072. கிடங்கில் 90 நாள் இருந்து, முதலுக்கு ஆண்டுக்கு 9 சதவீத வட்டி என்றால் இன்னும் 734. பொருத்துவதற்கும் உத்தரவாதக் காலப் பழுதுக்கும் ஒதுக்கிவைப்பது 820 என்று கொள்வோம். மொத்தம் 34,626. அவர் 41,000க்கு விற்றால் கையில் நிற்பது 6,374.

முகவரைவிட இரண்டு மடங்கு என்று தோன்றும். இப்போது ஒரு வாடிக்கையாளர் பணம் கட்டாமல் போகட்டும். முகவருக்கு நட்டம் 3,200 கமிஷன் மட்டும். விநியோகஸ்தர் 34,626ஐ இழக்கிறார். அதை மீட்க இன்னும் ஐந்தரை இயந்திரங்கள் ஒழுங்காக விற்றாகவேண்டும். அந்த இயந்திரம் 90 நாளுக்குப் பதிலாக 360 நாள் கிடங்கில் தூங்கினால் வட்டி மட்டும் 2,936 ஆகிவிடும். தள்ளுபடி 25 சதவீதம் என்றதும் “கமிஷனைப் போல மூன்று மடங்கு கேட்கிறாரே” என்று ஏற்றுமதியாளர்கள் முகம் சுளிப்பது உண்டு. அந்த இடைவெளி முழுவதும் லாபமில்லை. அவர் சுமக்கும் வட்டி, தீர்வை, கடன், பழுது எல்லாம் அதற்குள் அடக்கம். இதை விளங்கிக்கொள்ளாமல் தள்ளுபடியை 15ஆகக் குறைத்தவர்கள், இருப்பு வைக்காத, உதிரிபாகம் வாங்காத விநியோகஸ்தரைத்தான் பெறுகிறார்கள். மேலே உள்ள எண்களில் 15 சதவீதத்தைப் போட்டுப் பாருங்கள். கொள்முதல் விலை 4,000 ஏறுகிறது. அதன்மேல் வரும் தீர்வையும் வட்டியும் சேர்ந்தால் மிச்சம் 2,200க்கும் கீழே, அதாவது முகவரின் கமிஷனுக்கும் கீழே போய்விடும்.

முகவரிடமே கடன் பொறுப்பையும் சுமத்தும் ஏற்பாடு ஒன்று உண்டு, அதை டெல் கிரெடெரே என்பார்கள். வாடிக்கையாளர் கட்டாவிட்டால் முகவர் கட்டவேண்டும், அதற்குக் கூடுதல் கமிஷன். கூடுதல் தொகையைச் சொல்லாமல் பொறுப்பை மட்டும் எழுதிவிடுவது வழக்கமான தவறு. பல நாடுகளில் இதற்கு எழுத்துவடிவ ஒப்புதல் வேண்டும். பொறுப்பை விரித்துக்கொண்டே போனால் இன்னொரு சிக்கலும் வரும், அது விலைப் பகுதியில் வருகிறது.

சுங்கத்தில் ஒரு சிறு விஷயம். முகவர் வழியில் இறக்குமதி மதிப்பு 41,800, விநியோகஸ்தர் வழியில் 31,800. நான்கு சதவீதத் தீர்வையில் 400 யூரோ வேறுபாடு. தீர்வை 20 சதவீதமாக இருக்கும் பொருளில் இது 2,000 ஆகும், வழியைத் தேர்ந்தெடுக்கும் காரணமாகவே ஆகிவிடும். வாடிக்கையாளர் கமிஷனைத் தனியாக முகவர் கையில் கொடுத்துவிட்டால் மதிப்புக் குறையுமே என்று சிலர் கணக்குப் போடுவார்கள். உலக வர்த்தக அமைப்பின் சுங்க மதிப்பீட்டு ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவு அதற்கு இடம் தரவில்லை. விற்பனைக் கமிஷனை மதிப்போடு கூட்டவேண்டும், வாங்குபவருக்காக உழைக்கும் கொள்முதல் முகவரின் கமிஷனுக்குத்தான் விலக்கு.

விலையை யார் சொல்வது

முகவருக்கு ஏற்றுமதியாளர் விலை சொல்லலாம், சொல்லியே ஆகவேண்டும், விற்பது அவருடைய சரக்கு. விநியோகஸ்தரிடம் “இதற்குக் கீழே விற்காதே” என்று சொல்வது ஐரோப்பிய ஒன்றியத்தில் போட்டிச் சட்ட மீறல், அதுவும் மிகக் கடுமையான வகை. 2022 ஜூன் 1 முதல் நடைமுறையிலுள்ள 2022/720 ஒழுங்குமுறை, இரு தரப்பின் சந்தைப் பங்கும் 30 சதவீதத்துக்கு மேல் போகாதவரை விநியோக ஒப்பந்தங்களுக்குத் தாராளமான விலக்குத் தருகிறது. ஆனால் குறைந்தபட்ச மறுவிற்பனை விலை அந்த விலக்குக்குள் வராது. பரிந்துரை விலையும் உச்ச விலையும் பரவாயில்லை, கட்டாயமாக மாறாதவரை. ஒரு நாட்டின் தனியுரிமை விநியோகஸ்தரைக் காக்க, மற்ற விநியோகஸ்தர்கள் அங்கே போய் வாடிக்கையாளர் பிடிப்பதைத் தடுக்கலாம். வாடிக்கையாளர் தானாகத் தேடி வந்து கேட்டால் விற்பதைத் தடுக்க முடியாது. போட்டிப் பொருளை விற்காதே என்ற கட்டுப்பாடு 5 ஆண்டுக்கு மேல் போனால் அந்தக் கட்டுப்பாட்டுக்கு விலக்குக் கிடையாது.

பொறுப்பை விரிக்கும் சிக்கல் இதுதான். விலை சொல்லும் வசதி வேண்டும் என்று விநியோகஸ்தரை “முகவர்” என்று பெயர் மாற்றி, இருப்பு, விளம்பரச் செலவு, கடன் நட்டம் எல்லாவற்றையும் அவர் தலையில் விட்டுவைத்தால், போட்டிச் சட்டத்தின் கண்ணில் அவர் விநியோகஸ்தரே. பெயர்ப் பலகையை மாற்றுவதால் சந்தை அபாயம் இடம் மாறாது.

வரி விஷயத்தில் திசை திரும்புகிறது. விநியோகஸ்தர் வாங்கி விற்பதால் பொதுவாக ஏற்றுமதியாளருக்கு அந்த நாட்டில் நிரந்தர நிலையம் (அந்த நாடு அவர் லாபத்துக்கு வரி விதிக்க இடம் தரும் தொழில் இருப்பு) உருவாவதில்லை. முகவரால் உருவாகலாம். ஓஈசிடி எனப்படும் பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் மாதிரி வரி உடன்படிக்கையில் 2017 திருத்தத்துக்கு முன் “ஒப்பந்தம் முடிக்கும் அதிகாரம் இல்லை, ஆர்டரை அனுப்புகிறார் அவ்வளவுதான்” என்று சொல்லித் தப்பிக்க வழி இருந்தது. திருத்தப்பட்ட 5(5)ஆம் பிரிவின்படி, முகவர் முக்கியப் பங்கு வகித்துப் பேசி முடித்ததை ஏற்றுமதியாளர் பெரிய மாற்றமில்லாமல் வழக்கமாக ஒப்புக்கொண்டு வந்தாலே போதும். எந்த இரு நாடுகளுக்கிடையே எந்த வாசகம் நடைமுறையில் இருக்கிறது என்பதை அந்தந்த உடன்படிக்கையைப் பார்த்தே சொல்லவேண்டும். பல நாடுகள் பழைய வாசகத்தையே வைத்திருக்கின்றன. பல ஏற்றுமதியாளர்களுக்கு வேலை செய்யும் சுதந்திரமான முகவர் இதில் சிக்கமாட்டார். ஒரே ஒருவருக்காக மட்டும் உழைப்பவர்மேல்தான் கண் விழும்.

லஞ்ச வழக்குகளில் இருவருமே வருகிறார்கள். ஓஈசிடி 2014இல் வெளியிட்ட ஆய்வு 427 வெளிநாட்டு லஞ்ச வழக்குகளை அலசியது. நான்கில் மூன்றில் இடைத்தரகர் இருந்தார். கமிஷன் விகிதம் செய்த வேலைக்குப் பொருந்தாமல் இருப்பது, விற்பனை நடந்த நாட்டை விட்டு வேறொரு நாட்டுக் கணக்கில் பணம் கேட்பது, விநியோகஸ்தருக்கு ஒரே ஒரு அரசு ஒப்பந்தத்துக்கு மட்டும் தனித் தள்ளுபடி கேட்பது: இந்த மூன்றில் எதைக் கண்டாலும் அங்கேயே நிறுத்திக் கேள்வி கேட்கவேண்டும்.

முடிவுக் கணக்கு

இந்த ஆய்வின் மையம் இங்கேதான். முகவரைத் தேர்ந்தெடுப்பவர் நுழையும்போது மலிவாக நுழைகிறார், வெளியேறும்போது பணம் கட்டுகிறார். விநியோகஸ்தர் வழியில் பெரும்பாலான நாடுகளில் இது தலைகீழ்: நுழையும்போதே தள்ளுபடியாகக் கொடுத்துவிடுகிறோம். நுழைவை மட்டும் பார்த்து முடிவெடுப்பதால்தான் இங்மார் போன்ற வழக்குகள் வருகின்றன.

ஐரோப்பிய ஆணை உறுப்பு நாடுகளுக்கு இரண்டு வழிகளைத் தருகிறது. ஒன்று, ஜெர்மனியைப் பின்பற்றிய ஈட்டுத்தொகை. முகவர் புது வாடிக்கையாளர்களைக் கொண்டுவந்திருக்கவேண்டும், அல்லது பழையவர்களிடம் வியாபாரத்தைக் கணிசமாகப் பெருக்கியிருக்கவேண்டும். அந்தப் பலன் ஏற்றுமதியாளருக்குத் தொடர்ந்து கிடைத்துக்கொண்டிருக்கவேண்டும். உச்சவரம்பு, கடைசி 5 ஆண்டுகளின் சராசரி ஆண்டு வருமானம். கமிஷன் 48,000, 52,000, 60,000, 64,000, 76,000 யூரோ என்று வந்திருந்தால் மொத்தம் 3,00,000, சராசரி 60,000. அதற்குமேல் ஈட்டுத்தொகை போகாது. கடைசி ஆண்டின் 76,000ஐ எடுத்துக்கொண்டு பேரம் பேசுபவர்களைப் பார்க்கலாம், கணக்கு அப்படி இல்லை.

இன்னொன்று, பிரான்சைப் பின்பற்றிய இழப்பீடு. அங்கே இரண்டு ஆண்டு மொத்தக் கமிஷனைக் கொடுப்பது நீதிமன்ற வழக்கமாகவே ஆகிவிட்டது. அதே இழப்பீட்டு வழியைப் பின்பற்றிய பிரிட்டனில் விடை முற்றிலும் வேறு. லான்ஸ்டேல் எதிர் ஹாவர்ட் அண்ட் ஹாலம் வழக்கில் (2007), காலணி விற்ற முகவர் ஒருவர் பிரெஞ்சு அளவுகோலைக் கேட்டார். அப்போது பிரிட்டனின் உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை ஒப்பவில்லை. ஒப்பந்தம் முடிந்த நாளில் அந்த முகவர் தொழிலை ஒருவர் விலைக்கு வாங்கினால் என்ன கொடுப்பார் என்பதே அளவு என்றது. வியாபாரம் சரிந்துகொண்டிருந்தது, நிறுவனமே கடையைக் கட்டிக்கொண்டிருந்தது. கிடைத்தது 5,000 பவுண்டு. ஒரே ஆணை, ஒரே சொல், இரண்டு நாடுகளில் மலைக்கும் மடுவுக்குமான தொகை. “ஐரோப்பாவில் இவ்வளவு” என்று பொதுவாகச் சொல்லும் ஆலோசனையை நம்பக் கூடாது.

முன்னறிவிப்புக் காலமும் ஆணையில் உண்டு: காலவரையற்ற ஒப்பந்தம் என்றால் முதல் ஆண்டில் 1 மாதம், இரண்டாம் ஆண்டில் 2, மூன்றாம் ஆண்டு முதல் 3. கூட்டிக்கொள்ளலாம், குறைக்க முடியாது. முடிந்தபின் போட்டியில் இறங்காதே என்ற கட்டுப்பாடு அதிகபட்சம் 2 ஆண்டு, அதுவும் எழுத்தில், அவருடைய பகுதிக்கும் பொருளுக்கும் மட்டும்.

விநியோகஸ்தருக்கு ஒன்றியம் முழுவதற்கும் இப்படிப் பொதுச் சட்டம் கிடையாது. அதனால் முடிவில் ஒன்றும் தரவேண்டியதில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். பெல்ஜியத்தின் 1961 சட்டத்தைப் பார்த்தோம் (2014 முதல் அதன் விதிகள் அந்நாட்டின் பொருளாதாரச் சட்டத் தொகுப்பில் இருக்கின்றன). அதில் இன்னொரு பொறி உண்டு: குறித்த கால ஒப்பந்தத்தை இரண்டு முறை புதுப்பித்தபின் மீண்டும் புதுப்பித்தால் அது காலவரையற்றதாக ஆகிவிடும். புவேர்ட்டோ ரிக்கோவில் 1964ஆம் ஆண்டின் 75ஆம் எண் சட்டம், நியாயமான காரணம் இல்லாமல் முறிப்பவரிடம் இழப்பீடு வசூலிக்கிறது. ஜெர்மனியில் நீதிமன்றங்கள் வணிகச் சட்டத்தின் 89பி பிரிவை, முகவருக்காக எழுதப்பட்டதை, விநியோகஸ்தருக்கும் ஒப்புமையால் பொருத்துகின்றன. அதற்கு நிபந்தனை இரண்டு. விநியோகஸ்தர் ஏற்றுமதியாளரின் விற்பனை அமைப்புக்குள் முகவரைப் போல இணைக்கப்பட்டிருக்கவேண்டும். தன் வாடிக்கையாளர் விவரங்களை ஒப்படைக்க ஒப்பந்தப்படி கடமைப்பட்டிருக்கவேண்டும்.

இரண்டாவது நிபந்தனையைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். மாதாமாதம் வாடிக்கையாளர் பெயர், முகவரி, வாங்கிய அளவு எல்லாம் அனுப்பு என்று ஒரு வரி எழுதுவது ஏற்றுமதியாளருக்கு இயல்பான ஆசை. அந்த ஒரு வரிதான் ஜெர்மனியில் ஈட்டுத்தொகைக் கதவைத் திறக்கிறது. விவரம் உண்மையிலேயே தேவையா, அல்லது பொருளைத் திரும்பப் பெறும் அவசரத்துக்கு வரிசை எண்களைக் குறித்து வைத்தால் போதுமா என்று யோசித்து எழுதவேண்டிய இடம் அது.

முறிக்கும் கடிதத்தின் காரணத்திலும் கவனம் வேண்டும். முகவரின் பெருந்தவறுக்காக முறித்தால் தொகை தரவேண்டியதில்லை. ஆனால் சாதாரண முன்னறிவிப்பு கொடுத்துவிட்டு, பிறகு தவறைக் கண்டுபிடித்து அதைக் காட்டித் தொகையை மறுக்கலாமா? ஜெர்மனியில் ஒரு வோல்வோ கார் விநியோகஸ்தர் வழக்கில் (சி-203/09, 2010) ஐரோப்பிய நீதிமன்றம் இல்லை என்றது. தவறுதான் முறிவுக்குக் காரணமாக இருந்திருக்கவேண்டும். ஆகவே கணக்குகளைத் துருவிப் பார்ப்பதைக் கடிதத்துக்கு முன்னால் வைத்துக்கொள்ளவேண்டும்.

கலந்துபோகும்போது

பெரிய இயந்திரங்களுக்கு முகவர், உதிரிபாகங்களுக்கு விநியோகஸ்தர்: இயந்திர வியாபாரத்தில் இதுதான் யதார்த்தம். இயந்திரத்தை வாடிக்கையாளர் நேரடியாக வாங்குகிறார். பேரிங்கும் பெல்ட்டும் உடனே வேண்டும் என்பதால் உள்ளூரில் இருப்பு வேண்டும். இதில் தவறேதும் இல்லை, ஒரே ஒப்பந்தத்தில் எழுதுவதுதான் தவறு. ஒரே தாளில் இருந்தால் உதிரிபாக லாபமும் கமிஷனாகக் கணக்கிடப்படவேண்டுமா, முன்னறிவிப்பு எதற்கு எவ்வளவு, இருப்பை யார் எடுப்பது என்று ஒவ்வொன்றுக்கும் சண்டை. இரண்டு ஒப்பந்தம், இரண்டு தனிக் கணக்கு, இரண்டுக்கும் தனித்தனி முடிவு விதி, ஒன்று முடிந்தால் மற்றது என்ன ஆகும் என்று ஒரு வாக்கியம். இவ்வளவு போதும்.

முகவரை விநியோகஸ்தராக மாற்றும்போது இன்னும் கவனம் வேண்டும். முகவர் ஒப்பந்தம் முடிகிறது, ஆகவே தொகை கேட்கும் உரிமை எழலாம். “எனக்கு ஒன்றும் வேண்டாம்” என்ற கடிதத்தைப் புது ஒப்பந்தத்தோடு சேர்த்துப் பழையது முடியுமுன்னே வாங்கினால் 19ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பழையதை முறையாக முடித்து, தேதி போட்டு, அதன் பிறகு தொகையைத் தீர்த்துக் கையெழுத்து வாங்கவேண்டும்.

ஒப்பந்தத்தில் எழுதவேண்டியவை

முகவர் ஒப்பந்தத்தில் முதலில் கமிஷன் எப்போது சம்பாதிக்கப்படுகிறது என்பது: ஆர்டர் ஏற்றபோதா, சரக்கு அனுப்பியபோதா, பணம் வந்தபோதா? ஐரோப்பிய ஆணைப்படி ஒரு காலாண்டில் சேர்ந்த கமிஷனை அடுத்த மாதக் கடைசிக்குள் கொடுக்கவேண்டும், கணக்கு விவரமும் தரவேண்டும். கமிஷன் எதன்மேல் என்பதும் அங்கேயே வரவேண்டும்: ஆலை விலைமேலா, கப்பல் கட்டணம் சேர்ந்த விலைமேலா, திரும்பிவந்த சரக்கைக் கழித்தா? முகவர் முன்பு பிடித்த வாடிக்கையாளர் நேரடியாக மறு ஆர்டர் போட்டாலும் கமிஷன் உண்டு. தனியுரிமைப் பகுதியில், அவர் கை படாத ஆர்டருக்கும் உண்டு. இது வேண்டாம் என்றால் ஒப்பந்தத்திலேயே விலக்கி எழுதவேண்டும், அல்லது தனியுரிமை கொடுக்காமல் இருக்கவேண்டும். பகுதிக்குள் ஏற்கெனவே இருக்கும் வாடிக்கையாளர் பெயர்களும், கடைசி 12 மாத விற்பனை எண்களும் ஓர் இணைப்பாகச் சேரவேண்டும். ஈட்டுத்தொகைக் கணக்கில் யார் புது வாடிக்கையாளர் என்பதை அந்த ஒரு தாள்தான் முடிவுசெய்யும். இணைப்பு இல்லாத ஒப்பந்தங்களில் பத்தாண்டுகள் கழித்து எல்லோரும் புது வாடிக்கையாளர்களாகி விடுகிறார்கள்.

விநியோக ஒப்பந்தத்தில் குறைந்தபட்சக் கொள்முதல் ஆண்டுவாரியாக எண்ணில் இருக்கவேண்டும். தவறினால் என்ன நடக்கும் என்பதும் படிப்படியாக வேண்டும்: முதலில் தனியுரிமை போகும், அடுத்த ஆண்டும் தவறினால் ஒப்பந்தம் போகும். நேரே முறிவுக்குப் போகும் விதியை யாரும் பயன்படுத்தத் துணிவதில்லை, அதனால் அது செத்த விதியாகிறது. இருப்பைத் திரும்ப வாங்கும் விதியில் எந்தச் சரக்கு (பெட்டி பிரிக்காதது, கடைசி 12 மாதத்தில் வாங்கியது), எந்த விலைக்கு (வந்திறங்கிய அடக்க விலையா, இன்வாய்ஸ் விலையா), கப்பல் செலவு யாருடையது என்று மூன்றும் வேண்டும். முன்னரே விற்ற இயந்திரங்களுக்கான உத்தரவாத வேலையை முடிவுக்குப் பின் யார் செய்வது என்பதையும் விட்டுவிடக் கூடாது, வாடிக்கையாளர் நடுத்தெருவில் நிற்பது அங்கேதான்.

வர்த்தகக் குறி எப்போதும் ஏற்றுமதியாளர் பெயரில், ஒப்பந்தத்துக்கு முன்னரே பதிவாகவேண்டும். உள்ளூர் ஆள் தன் பெயரில் பதிந்துகொண்டால் எதிர்க்கப் பாரிஸ் உடன்படிக்கையின் 6செப்டீஸ் பிரிவு இருக்கிறது, ஆனால் அது வழக்கு நடத்தி வெல்லவேண்டிய உரிமை. இணைய முகவரிக்கும் இதே விதி, கோர்மன்-கொலின்ஸ் வழக்கில் பெயரும் தளமும் எவ்வளவு தூரம் கசப்பை வளர்த்தன என்று பார்த்தோம். மருத்துவக் கருவி போன்ற பொருள்களில் அரசு அனுமதி யார் பெயரில் என்பது இதைவிடப் பெரிது. அனுமதி விநியோகஸ்தர் பெயரில் இருந்தால், அவர் மாற்றித் தராதவரை புதிய ஆள் ஒரு பெட்டியும் இறக்க முடியாது. ஒப்பந்தம் முடிந்து இத்தனை நாளுக்குள் மாற்றித் தருவேன் என்ற உறுதியோடு, முடிந்த இடங்களில் முன்கூட்டியே கையெழுத்திட்ட மாற்று விண்ணப்பத்தையும் வாங்கி வைப்பது நல்லது.

முகவர் பக்கம் நிற்பவர்களுக்கு ஒரு தேதி. ஒப்பந்தம் முடிந்து 1 ஆண்டுக்குள் தொகை கேட்கப்போவதாக ஏற்றுமதியாளருக்கு அறிவிக்காவிட்டால், 17(5)ஆம் பிரிவுப்படி உரிமை போய்விடும். வழக்குப் போடவேண்டும் என்றில்லை, அறிவிப்பு போதும். ஆனால் பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது என்று அந்த ஓராண்டைக் கழியவிடக் கூடாது. முடிந்த வாரமே பதிவுத் தபாலில் ஒரு கடிதமும் அதன் நகலும் இருக்கட்டும்.